காலையில் வீடு, மாலையில் கல்: காரைக்குடி விடுமுறையின் கடைசி நாள்

கேள்வி இதுதான். பொங்கல் விடுமுறைக்குக் காரைக்குடி வந்த ஒரு குடும்பம். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை ராத்திரி புதுக்கோட்டையில் சென்னை ரயில். அந்த ஒரு பகலில் ஒரு செட்டிநாட்டு வீட்டையும், சித்தன்னவாசல் பக்கம் இருக்கும் ஆதிகாலத்துக் கற்களையும் பார்க்க முடியுமா? கூடவே மூட்டுவலி உள்ள மாமியார், ஐந்தாவதும் எட்டாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். எதை முதலில் பார்ப்பது, எதை விட்டுவிடுவது?

முடியும், அதுவும் நிதானமாகவே. ஆனால் வரிசை முக்கியம். காலையில் வீடு, மாலையில் கல். நான் புதுக்கோட்டையிலேயே பிறந்து வளர்ந்தவன். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை இந்த வழியில் எத்தனையோ தடவை கூட்டிப் போயிருக்கிறேன். ஒரே ஒருமுறை, மே மாதத்தில், வரிசையை மாற்றி மலையை முதலில் வைத்துக்கொண்டேன். பாறையில் கால் வைக்க முடியவில்லை. கூட வந்த அத்தை பாதி வழியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். அங்கே தாமதமாகி, ஆத்தங்குடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பிறகு நான் வரிசையை மாற்றியதே இல்லை.

வெயில் மட்டும் காரணம் இல்லை. சித்தன்னவாசல் குன்று தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது. சமணர்கள் படுத்த குகை கிழக்குச் சரிவில் இருக்கிறது, பிற்பகலில் அங்கே நிழல் விழுந்துவிடும். ஓவியம் இருக்கும் அறிவர் கோயில் மேற்குச் சரிவில், மேற்கு பார்த்தபடி பாறையைக் குடைந்து செய்த கோயில். சாயங்கால வெளிச்சம் வாசல் வழியாக உள்ளே வரும். இரண்டுக்குமே பிற்பகல்தான் பொருத்தம். செட்டிநாட்டு வீட்டுக்கோ காலை வெளிச்சம் வேண்டும். நடு வளவில், அதாவது முற்றத்தில், மேலேயிருந்து வெயில் சாய்ந்து இறங்கும்போதுதான் அந்த வீட்டின் கணக்கு புரியும்.

ஒரு வண்டியை நாள் முழுவதும் பேசிக்கொள்ளுங்கள். பெட்டிகளையெல்லாம் அதிலேயே ஏற்றிவிட்டு எட்டரைக்குள் கிளம்பினால் போதும். காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடி, அங்கிருந்து கானாடுகாத்தான், அப்புறம் திருமயம் வழியாகப் புதுக்கோட்டை, கடைசியில் சித்தன்னவாசல். கடைசியில் ரயிலுக்காகச் சித்தன்னவாசலிலிருந்து புதுக்கோட்டைக்கு வருவதைத் தவிர, போன வழியில் திரும்ப வேண்டியதில்லை. காரைக்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர், புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசலுக்கு 16 கிலோமீட்டர்.

எந்த வீட்டைப் பார்ப்பது? காரைக்குடிக்குள் ஆயிரம் ஜன்னல் வீடு என்று எல்லோரும் காட்டுவார்கள். அதைத் தெருவில் நின்று பார்த்தால் போதும். கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவரின் வீடு, இருக்கிறது. அதையும் வெளியிலிருந்தே பாருங்கள். உள்ளே போய், உட்கார்ந்து, தொட்டுப் பார்க்க ஆத்தங்குடியில் உள்ள லட்சுமி விலாஸ்தான் தோதானது. ஊரில் பெரிய வீடு என்றாலே தெரியும். சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். ஒன்பது மணிவாக்கில் போனால் கூட்டம் இருக்காது.

நாலைந்து வீடுகளைப் பார்க்கத் துடிக்காதீர்கள். ஒரே வீட்டில் ஒன்றரை மணி நேரம் இருங்கள்.

முதலில் முகப்பைத் தாண்டி, நிலைவாசலுக்கு நேராக நின்று பாருங்கள். வாசல்கள் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும். முகப்பு, அடுத்து வளவு, அப்புறம் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, கடைசியில் பின்வாசல். இங்கே நின்றால் அந்தக் கோடியில் வெளிச்சம் ஒரு சின்னச் சதுரமாகத் தெரியும். பல செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் வேறொரு தெரு. காற்று இந்தக் கோட்டில்தான் ஓடுகிறது. உங்கள் சின்னப் பிள்ளையை இங்கே நிறுத்திவிட்டு, பெரிய பிள்ளையைப் பின்கட்டு வரை நடந்து போகச் சொல்லுங்கள். வீடு எவ்வளவு நீளம் என்பது அப்போது தானாகத் தெரியும்.

அடுத்து சுவர். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஜனவரியிலும் ஜில்லென்று இருக்கும். பளிங்கு போல் வழுவழுப்பு. இது பெயிண்ட் இல்லை. சுண்ணாம்பை அரைத்து அரைத்து அடுக்கடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரைச் சுண்ணாம்பில் சேர்ப்பதும் உண்டு. நல்ல வீடுகளில் எண்பது, தொண்ணூறு வருடமாக வெள்ளையடிக்காத சுவர்கள் இன்னும் மின்னுகின்றன. கை வைத்தால் அழுக்குப் படியுமே என்று தயங்காதீர்கள், ஆனால் சாய்ந்து நிற்க வேண்டாம். எண்ணெய்த் தலை பட்ட இடம் மட்டும் கறுத்துப் போயிருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

வளவுக்கு வந்ததும் மாமியாரைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்துவிடுங்கள். அவருக்கு இந்த இடம்தான் மிகவும் பிடிக்கும். நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் கூரை உள்நோக்கிச் சரிந்திருக்கும். மழை பெய்தால் நாலு கூரைத் தண்ணீரும் இங்கேதான் இறங்கும். ஓரங்களில் அண்டாவை வைத்துப் பிடிப்பார்கள், மிச்சம் வடிகால் வழியாக வெளியேறும். வறண்ட சீமை அல்லவா, ஊருணிகளை வெட்டி, விழுகிற துளியைச் சேர்த்து வாழ்ந்த ஊர்கள் இவை. வளவைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள் இருக்கும். இவ்வளவு பெரிய வீட்டில் அறை ஏன் இத்தனை சின்னது என்று எல்லோரும் கேட்பார்கள். அவை தூங்குவதற்கான அறைகளாகக் கட்டப்பட்டவை இல்லை. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும், உரிய அறை. அவர்கள் சாமான், சீர், நகை, எல்லாம் அதற்குள். படுப்பதும் பேசுவதும் பட்டாலை என்கிற கூடத்திலும் தாழ்வாரத்திலும்தான்.

இப்போது நான் உங்களைக் கட்டாயம் பார்க்கச் சொல்கிற ஒன்று. பழைய பித்தளை, செம்புச் சாமான் எங்காவது கண்ணில் பட்டால், விளிம்பைக் கவனியுங்கள். புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருக்கும். இரண்டு மூன்று எழுத்து, நடுநடுவே புள்ளி. நகரத்தார், அதாவது இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்கள், இதை விலாசம் என்கிறார்கள். தலைமுறைகளின் பெயர்களிலிருந்து முதலெழுத்துகளை எடுத்துக் கோத்த குடும்ப அடையாளம். குத்துவிளக்கிலிருந்து தூக்குச்சட்டி வரை, ஆயிரம் பேர் சாப்பிடும் கல்யாணத்தில் கலந்துவிட்டாலும் யார் வீட்டுச் சாமான் என்று தெரிந்துவிட வேண்டும் என்பதற்காக வெட்டியது. கரண்டிக் காம்பிலும் விலாசம் பார்த்திருக்கிறேன். இன்றைக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அந்தச் சாமான்கள் குவிந்து கிடக்கின்றன. வாங்குகிறவர்கள் சிலர் அந்த எழுத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு மெருகு போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். நீங்கள் ஏதாவது வாங்கினால் எழுத்து உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், அந்த எழுத்தை அப்படியே விட்டுவிடுங்கள். விலாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் மலையில் வேலை இருக்கிறது.

இந்தப் பணமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எட்டாவது படிக்கிற பிள்ளை கேட்கும். பர்மா, இலங்கை, மலாயா. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நகரத்தார் அங்கே வட்டிக்குக் கொடுத்து வாங்கினார்கள். பர்மாவில் ஐராவதி டெல்டா நெல்வயல்களாக மாறியதற்குப் பின்னால் அவர்கள் கொடுத்த கடன் இருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் பெருமளவில் அவர்கள் கைக்கு வந்தன. அந்தக் கசப்பையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும், வீட்டின் அழகை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. தூண்களும் உத்திரங்களும் பர்மா தேக்கு. தரையில் இத்தாலியச் சலவைக்கல், சுவரின் கீழ்ப்பகுதியில் ஜப்பான் ஓடு, மேலே பெல்ஜியம் கண்ணாடி விளக்கு. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் குடும்பம் குடும்பமாகத் திரும்பி வந்தார்கள். 1960களில் பர்மா அரசு எல்லாவற்றையும் தேசியமயமாக்கியதோடு அந்தக் கதை முடிந்தது. வருமானம் நின்ற வீட்டை யார் பராமரிப்பது? பங்காளிகள் இருபது முப்பது பேர், ஒவ்வொருவர் ஒவ்வொரு ஊரில். பல வீடுகளைப் பிரித்து, தூண் தூணாக, கதவு கதவாக விற்றுவிட்டார்கள். நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ ஏதாவது ஓட்டலில் பார்க்கும் செதுக்கு வேலைக் கதவு இங்கிருந்து போனதாக இருக்கலாம். மிஞ்சிய வீடுகள் பலவற்றில் ஒரு காவல்காரர் மட்டும் இருப்பார். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வரும்போது எல்லோரும் கூடுவார்கள், ஒரு வாரம் வளவில் சத்தம் இருக்கும், அப்புறம் பூட்டிவிடுவார்கள்.

வீட்டிலிருந்து வெளியே வந்ததும் ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் ஓடு, செய்யும் பட்டறை ஒன்றுக்குப் போங்கள். ஊருக்குள்ளேயே பல இருக்கின்றன. அரைமணி நேரம் நின்று பாருங்கள், பிள்ளைகள் நகரமாட்டார்கள். ஒரு கண்ணாடிச் சதுரத்தைத் தரையில் வைத்து, அதைச் சுற்றி இரும்புச் சட்டம் மாட்டுவார்கள். சட்டத்துக்குள் பூவும் கொடியுமாக வளைத்த தகட்டு அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நிறக் கூழைச் சின்னக் கரண்டியால் ஊற்றுவார்கள். சிமெண்டும் மணலும் ஆக்சைடு நிறமும் கலந்த கூழ் அது. அச்சை மேலே தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கடைசியில் கலவையை அப்பிக் கரணையால் தேய்த்து மட்டம் செய்வார்கள். ஒரு நாள் காயவைத்து, அப்புறம் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். எடுத்து உலர்த்தி, அடியில் இருக்கும் கண்ணாடியைப் பிரித்தால், கண்ணாடி தொட்ட முகம் கண்ணாடி மாதிரியே மின்னும். சூளை கிடையாது, தீ கிடையாது, பாலிஷ் கிடையாது. நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும். காலையில் நீங்கள் பார்த்த வீட்டுத் தரை மூன்று தலைமுறைக் கால் பட்டு மெருகேறியது.

கானாடுகாத்தானில் வண்டியை விட்டு இறங்கி ஒரு தெருவை மட்டும் நடந்து பாருங்கள். மதியச் சாப்பாட்டை இங்கேயோ திருமயத்திலோ வைத்துக்கொள்ளலாம். வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்டால் பிற்பகல் மலை ஏற முடியாது. திருமயம் கோட்டையை வண்டியிலிருந்தே பார்த்துக்கொண்டு போங்கள். 1687இல் சேதுபதி மன்னர் கட்டியது, அருமையான இடம், ஆனால் அதற்கு ஒரு முழு அரைநாள் வேண்டும். அங்கேயுள்ள பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் மதியம் நடை சாத்தியிருக்கும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு கடந்துவிடுங்கள்.

வெயில் உச்சியில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குப் புதுக்கோட்டையில் நல்ல இடம் ஒன்று உண்டு. திருக்கோகர்ணம் அருங்காட்சியகம். சமஸ்தானக் காலத்தில், 1910இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். அங்கே உள்ள எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். புதைகுழிகளிலிருந்து எடுத்த தாழிகளையும் பானைகளையும் மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள், ஏனென்றால் மாலையில் பார்க்கப் போகும் கற்களுக்குள் இருந்தவை இந்த மாதிரிச் சாமான்கள்தான். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு என்று இரண்டு நிறத்தில் ஒரே பானை இருக்கும். இரண்டு சாயம் பூசியது என்று நினைக்காதீர்கள். சுடும்போது பானையைக் கவிழ்த்து வைப்பார்கள். காற்றுப் புகாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்துவிடும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்துவிடும். ஒரே சூளை, ஒரே மண்.

இரண்டே முக்கால் மணிக்குச் சித்தன்னவாசல் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பொங்கல் முடிந்த வாரம் என்பதால் வழியெல்லாம் கொம்புக்கு வண்ணம் பூசிய மாடுகளைப் பார்ப்பீர்கள். காணும் பொங்கல் அன்று இந்த மலையடிவாரம் திருவிழா மாதிரி இருக்கும். உங்கள் ஞாயிறன்று கொஞ்சம் குறைந்திருக்கும், ஆனாலும் சத்தம் இருக்கும்.

முதலில் ஏழடிப்பட்டம், அதாவது அந்தச் சமணர் குகை. இங்கேதான் மாமியார் விஷயத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். மேற்கிலிருந்து ஏறி, முதுகைத் தாண்டி, கிழக்குச் சரிவில் கொஞ்சம் இறங்கினால் குகை. படிகளும் கைப்பிடிக் கம்பிகளும் இருக்கின்றன, குன்றும் பெரிய உயரம் இல்லை. இருந்தாலும் மூட்டுவலி உள்ளவருக்கு வேண்டாம். இறங்கும்போதுதான் வலி தெரியும். பெரியவர்களில் ஒருவர் அவரோடு கீழே மரநிழலில் இருந்துவிட்டு, மற்றவர் பிள்ளைகளோடு ஏறட்டும். ஓவியக் கோயிலுக்கு அவரை அப்புறம் மெதுவாகக் கூட்டிப் போகலாம். அது அவ்வளவு ஏற்றம் இல்லை.

பாறையில் ஏழு குழிப் படிகள் வெட்டியிருப்பதால் ஏழடிப்பட்டம். இயற்கையாக அமைந்த குகை, அதற்குள் தரையிலேயே செதுக்கி வழவழப்பாக்கிய 17 கல் படுக்கைகள். ஒவ்வொன்றிலும் தலைமாட்டில் கொஞ்சம் உயர்த்தி விட்டிருக்கிறார்கள், தலையணை மாதிரி. அங்கே போனதும் பிள்ளைகள் படுத்துப் பார்க்க ஆசைப்படும். கம்பி போட்டுத் தடுத்திருப்பதால் முடியாது, அது நல்லதுதான். கம்பிக்கு வெளியே உட்கார்ந்து, இருப்பதிலேயே பெரிய, பழைய படுக்கையின் ஓரத்தைப் பாருங்கள். குச்சி குச்சியாகக் கோடுகள் தெரியும். தமிழி எழுத்து, தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்னதாக வெட்டப்பட்டது என்று கணிக்கிறார்கள்.

அந்தக் கல் என்ன சொல்கிறது தெரியுமா? எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்காக, சிறுபோசில் என்ற ஊரைச் சேர்ந்த இளயர் செய்து கொடுத்த இருக்கை. அவ்வளவுதான். அந்த ஊர்ப் பெயரைச் சிறுபாவில் என்று வாசிப்பவர்களும் உண்டு. எருமி நாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம் என்கிறார்கள். அங்கே பிறந்த ஒரு துறவி இவ்வளவு தூரம் நடந்து வந்து, இந்தக் கல்லில் படுத்திருக்கிறார். அவர் படுக்க ஒருவர் இதைச் செய்து கொடுத்திருக்கிறார். யார், யாருக்கு, எந்த ஊர். காலையில் தூக்குச்சட்டி விளிம்பில் பார்த்த விலாசம் இங்கே கல்லில் இருக்கிறது. நான் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது காலையில் அந்த எழுத்தைக் காட்டாமல் இங்கே வருவதே இல்லை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்த பிள்ளை, இது எதற்கு எழுதியது என்று கேட்காது.

மற்றப் படுக்கைகளிலும் பெயர்கள் உண்டு. அவை ஏழெட்டு நூற்றாண்டு பிந்தியவை. திருநீலன், திருச்சாத்தன் என்று தனித்தனிப் பெயர்கள். இத்தனை நூற்றாண்டு கழித்தும் இந்த ஒரு குகையைத் துறவிகள் விடவில்லை என்பதற்கு இந்தப் பெயர்கள்தான் சாட்சி. குகை வாசலில் நின்றால் கீழே கிழக்கே வயலும் கண்மாயும் விரிந்து கிடக்கும். காற்று விடாமல் அடிக்கும். பத்து நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்லுங்கள்.

இறங்கி வந்து நாலு மணிக்கு அறிவர் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்தார் என்று வாசல் பக்கப் பாறையில் செய்யுளாகவே வெட்டியிருக்கிறார்கள். பாருங்கள், மறுபடியும் ஒரு பெயர்! உள்ளே அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுக்கத் தாமரைக் குளம். இலைகளுக்கு நடுவே மீன், யானை, எருமை, வாத்து. மூன்று பேர் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். தூண்களில் ஆடும் பெண்கள், ஒரு ராஜா, ஒரு ராணி. நிறையவே மங்கிவிட்டது. உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லையே என்று ஏமாந்து திரும்பிவிடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். முதலில் பச்சை இலை தெரியும், அப்புறம் ஒரு மீன், அப்புறம் அந்த மனிதனின் தோளில் சாய்ந்த தாமரைத் தண்டு. ஃபிளாஷ் போடவே கூடாது. கருவறைக்குள் போய் நின்று வாயை மூடி மெதுவாக 'ம்' என்று முனகினால் அறை முழுக்க ரீங்காரம் எழும்பும். மாமியாரை முனகச் சொல்லுங்கள், அவருக்கு நிச்சயம் பிடிக்கும்.

பெரும்பாலானவர்கள் இதோடு வண்டி ஏறிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்த நாளில் விடக்கூடாதது இனிமேல்தான் வருகிறது.

மலைக்கு வரும் சாலையின் ஓரத்திலேயே, பொட்டலில், முள்மரங்களுக்கு நடுவே கற்கள் வட்டம் வட்டமாகக் கிடக்கும். தொல்லியல் துறையின் நீலப் பலகையைத் தவிர அடையாளம் ஒன்றும் இல்லை. எல்லோரும் வண்டியை நிறுத்தாமல் தாண்டிப் போகிற இடம். இவை இரும்புக்காலத்து மக்களின் ஈமச்சின்னங்கள், 2000 வருடங்களுக்கு மேல் பழையவை. உருண்டைக் கற்களை வட்டமாக அடுக்கியது கல்வட்டம். நடுவே மண்ணுக்குள் நாலு பலகைக்கற்களை நிறுத்திப் பெட்டி மாதிரி செய்திருப்பார்கள், அது கற்பதுக்கை. மேலே மூடுகல். பலவற்றில் மூடுகல் இப்போது இல்லை, உள்ளே புல் முளைத்திருக்கும். ஒரு பலகையில் வட்டமாகத் துளை விட்டிருந்தால் அதற்கு இடுதுளை என்று பெயர். படையல் வைக்க என்று சொல்கிறவர்களும் உண்டு, பின்னால் இறந்தவர்களின் எலும்பை உள்ளே சேர்க்க என்று சொல்கிறவர்களும் உண்டு.

கிட்டே குனிந்து ஒரு பலகைக்கல்லின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். உளி பட்ட தடம் தேடினால் கிடைக்காது. இந்தப் பக்கத்துப் பாறைக்கு ஒரு குணம் உண்டு. மேலே விறகை அடுக்கித் தீ மூட்டினால், சூட்டில் மேல்தோல் வெங்காயச் சருகு மாதிரி தட்டையாகப் பெயர்ந்து வரும். கல்லுடைக்கிறவர்கள் வெகுகாலம் இப்படித்தான் பலகை எடுத்தார்கள். விளிம்பு கத்தி மாதிரி நேராக இல்லாமல் அலையலையாக இருப்பது அதனால்தான். அதை இழுத்து வந்து, குழி தோண்டி, நாலு பக்கமும் ஒன்றையொன்று தாங்குகிற மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். கலவை இல்லை, ஆணி இல்லை. இன்றைக்கும் சாயவில்லை.

இதில் எங்கேயும் எழுத்து இல்லை. காலையிலிருந்து பார்த்தவற்றிலெல்லாம் யாராவது பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இங்கே படுத்திருப்பவர் யார், யார் தூக்கி வந்து வைத்தார்கள், ஒன்றும் தெரியாது. என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் இதுதான். எழுதாமலும் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். செத்துப்போன ஒருவருக்கு இவ்வளவு பெரிய கல்லை நகர்த்த எத்தனை பேர் கூடியிருக்க வேண்டும்!

புதுக்கோட்டைப் பக்கம் ஊர்க்காரர்கள் இந்தக் கல்லறைகளைக் குரங்குப்பட்டறை என்பார்கள். தாழிக்கு முதுமக்கள் தாழி என்றும், மதமதக்கத் தாழி என்றும் பெயர். என் அப்பத்தா சொன்ன கதை இது. அந்தக் காலத்தில் மனுசருக்குச் சாவே கிடையாது. வயசாக வயசாகச் சுருங்கிக்கொண்டே வருவார்கள். பூனைக்குட்டி அளவுக்கு ஆனதும் விளக்கு மாடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். அப்புறம் வீட்டில் இடம் பற்றாமல், சாப்பாட்டையும் தண்ணியையும் கூட வைத்து, தாழிக்குள் இறக்கி, காட்டில் வைத்துவிட்டு வருவார்கள். தாழிக்குள் சின்னச் சின்னப் பானைகள் இருப்பதை உழும்போது பார்த்தவர்கள்தான் இப்படி ஒரு கதையைக் கட்டியிருக்க வேண்டும். கதை சொன்ன கையோடு அப்பத்தா, அந்தக் கல்லு மேல ஏறாதே, பெரியவுக இருக்காக, என்பார். ஏறக்கூடாது என்பதை அதைவிட நன்றாக எந்தப் பலகையும் எனக்குச் சொன்னதில்லை.

அதையே உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். வட்டத்துக்குள் மிதிக்காமல், வெளியே நின்று பார்க்கலாம். பானை ஓடு ஏதாவது தட்டுப்பட்டால் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் இருந்தது என்பதில்தான் அதன் சேதி இருக்கிறது. எடுத்த நிமிடமே அது வெறும் ஓடாகிவிடும். இந்த மாவட்டத்தில் வேலி போட்ட கல்வட்டங்களைவிட வேலி இல்லாதவை அதிகம். எத்தனையோ வட்டங்கள் உழவிலும் கல்குவாரியிலும் வீட்டுமனையிலும் போய்விட்டன.

இந்த இடத்தில் ஒரு அரைமணி நேரம் இருங்கள். ஐந்தே கால், ஐந்தரை மணிக்குக் கல்லின் நிழல் நீளமாக விழும்போது, நடுப்பகலில் கண்ணுக்குத் தெரியாத வட்டங்கள்கூடத் தெரிய ஆரம்பிக்கும். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். தரை சமம் என்பதால் மாமியாரும் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம், முள் மட்டும் பார்த்து நடக்க வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டாம். ஆறு மணிக்குள் கிளம்பினால் ஆறே முக்காலுக்குள் புதுக்கோட்டை. இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாக ஸ்டேஷன் போகலாம்.

போகும் வழியில் மாமியாரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவர் பிறந்த ஊரில் பாண்டவர் வீடு, வாலியர் வீடு, அல்லது பாண்டியன் குழி என்று ஏதாவது இடம் இருந்ததா என்று. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பெயர் வைத்த மேடும் பொட்டலும் நிறைய ஊர்களில் உண்டு, சின்ன வயதில் மாடு மேய்க்கப் போனவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தது என்று அவர் சொன்னால், எந்தப் பக்கம், எந்தக் கண்மாய்க்கு மேற்கே, யார் காடு என்று எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.